முயல் முத்திரை டப்பா

டப்பாவின் அடிப்பாகம் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

அதில் ஒரு முயல்.

சுண்டுவிரல் நகம் அளவுதான். தகரத்தில் அழுத்தி எடுத்த முயல். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து.



பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. காலை ஒன்பதரை. வெயில் அதற்குள் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. நீலத் தார்ப்பாயில் பழைய பூட்டுகள், பழைய கேமரா, கைப்பிடி போன குக்கர். அவற்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

டப்பா அவள் கையில் இல்லை.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த வேதகிரியின் கையில் இருந்தது.

பதினோரு வருஷமாகத் தேடுகிறாள். வீட்டு அலமாரியில் ஒரு பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஐந்து பள்ளங்கள். ஒன்றில் அறுபது வருஷப் பழைய விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி. அடுத்ததில் எண்ணெய்க் குப்பி. அடுத்ததில் குழாய் துடைக்கும் குச்சி. நான்காவதில், குண்டு பட்டால் மல்லாந்து விழும் தகர வாத்து.

ஐந்தாவது பள்ளம் வட்டமானது. மிளகு அளவு ரவைகள் அடைத்த டப்பாவுக்கு உரியது.

காலி.

தூசி தட்டும்போதெல்லாம் அதில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாள்.

வேதகிரி வீட்டிலும் இதே பெட்டி. இதே காலிப் பள்ளம். பழைய விளையாட்டுச் சாமான் சேர்க்கும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சென்னையில் பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் இது தெரியும்.

ரவை டப்பாக்கள் சந்தைக்குச் சந்தை கிடைக்கும். முயல் போட்டது மட்டுமே இந்தப் பெட்டிக்குச் சேரும்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. பொருள் யார் கையில் இருக்கிறதோ, முடிவு அவருடையது. மற்றவர் தொடக்கூடாது. விலை கேட்கக்கூடாது. கையை விட்டு நீங்கியதும் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

போன மாசம் அவள் தும்முவதற்காக குறி பார்த்துச் சுடும் பழைய பலகை ஒன்றைக் கீழே வைத்தாள். தும்மி முடிப்பதற்குள் வேதகிரி எடுத்துக்கொண்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. சட்டம் சட்டம்தான்.

வைங்க சார். கீழே வைங்க.

மனசுக்குள் மந்திரம் போல ஓடியது.

அவர் டப்பாவைக் காதருகே வைத்துக் குலுக்கினார். ரவைகள் கலகலத்தன. மூடியைச் சுற்றி ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை. யாரும் திறக்காத டப்பா!

அவர் சட்டைப் பையைத் தொட்டார். பேன்ட் பையைத் தொட்டார். டப்பாவைக் கண்ணருகே கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

கண்ணாடி கொண்டுவரவில்லை!

அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவுகிறார். தடவட்டும். அங்கே பொருக்குத் துரு. விரலுக்கு எது துரு, எது முயல்?

"என்னம்மா, இன்னைக்கும் ஆபீசுக்கு வயித்துவலியா?"

"இல்ல சார். இன்னைக்குப் பல்வலி."

குரல் நடுங்காமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"எடுங்க, இல்லாட்டி வைங்க சார். கடையை மறைக்காதீங்க" என்றார் கடைக்காரர் தஸ்தகீர்.

வேதகிரியின் கை இறங்கத் தொடங்கியது.

இரண்டடி.

ஓரடி.

அவள் வலது கை முழங்காலை விட்டுக் கிளம்பிவிட்டது.

பாதியில் அவர் கை நின்றது.

கடைக்காரரைப் பார்த்தார். அவரிடம் கேட்டால் பொருளின் அருமை தெரிந்துவிடும். விலை நாலு மடங்காகும். சுற்றிலும் பார்த்தார். தெரிந்த முகம் வேறு இல்லை.

மெல்லக் குனிந்தார். டப்பாவை ஐந்து விரலாலும் இறுக்கிக்கொண்டு, அடிப்பாகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"தொடாம சொல்லு. ஏதாவது படம் இருக்கா?"

இல்ல சார்.

அவ்வளவுதான். இரண்டே சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. டப்பா கீழே போகும். அவர் அடுத்த கடைக்குப் போவார். இன்று மத்தியானமே ஐந்தாவது பள்ளம் நிறையும்.

அவள் பார்த்தாள். இப்போது ஒரு சாண் தூரத்தில்.

முயலின் மூக்கருகே மூன்று கோடுகள். மயிரிழை மாதிரி. அவள் சேர்த்துவைத்த எந்தப் படத்திலும் அவை இல்லை. யாரும் சொன்னதில்லை.

"மீசை சார்!"

கத்திவிட்டாள்.

"முயலுக்கு மீசை இருக்கு சார்! மூணு முடி! ஒரு காது மடங்கி... ஐயோ, எவ்ளோ அழகு!"

பழைய பூட்டு பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம்தான் அவளுக்கு, தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது.

"முயலா?"

வேதகிரியின் குரல் உடைந்தது. கண் கலங்கியது. டப்பாவை அவசரமாகத் தன் பக்கம் திருப்பினார்.

டப்பா நழுவியது.

அவள் யோசிக்கவில்லை. இரண்டு கையும் தாமாகப் பாய்ந்தன. தரைக்கு நாலு விரல் மேலே பிடித்துவிட்டாள். காகிதம் கிழியவில்லை.

"நல்ல கேட்ச்சும்மா!" என்றார் தஸ்தகீர்.

வேதகிரியின் கை டப்பாவை நோக்கி நீண்டது.

பாதியில் நின்றது.

அவர் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார். பார்வையைக் குக்கர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தஸ்தகீர் செய்தித்தாள் ஒன்றை உருவினார்.

"யாருக்குங்க கட்டணும்?"



டப்பா அவள் உள்ளங்கையில் இருந்தது.

விரல்களை அவள் இன்னும் மடக்கவில்லை.