அசையாத தூசி

ஹெலிகாப்டர் எண்ணெய் வண்டியில் மோதியதற்குக் காரணம், தரையில் நின்று சைகை காட்டியவன் "இறங்கு" என்று காட்டியதுதான் என்று விமானி சொல்லிவிட்டார். அவனோ அந்த மோதலிலேயே இறந்துபோயிருந்தான்.

"உட்காருங்க ஐயா," என்றார் விசாரணை அதிகாரி, இறந்தவனின் தகப்பனாரிடம்.

"எம்புள்ள மேல விழுந்த பழி போகட்டும், உட்கார்றேன்."

அதே விமானி, விபத்து நடந்த அதே இறங்குதளத்தில் இறங்கிக் காட்ட வேண்டும் என்று உத்தரவானது. தளத்தில் ஒருவரும் இல்லை; தள்ளி ஓரமாகப் போட்டிருந்த நாற்காலியருகே அதிகாரியும் தகப்பனாரும் நின்றிருந்தார்கள். பத்தடி உயரத்தில் ஹெலிகாப்டர் நின்றுவிட்டது.

"ஏன்யா இறங்கல?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டார் அதிகாரி.

"எப்படி சார் இறங்குறது? அன்னைக்கு மாதிரியே கையைக் குறுக்கே வச்சு நிறுத்தச் சொல்றானே!"

இறக்கைக் காற்றில் தளமெங்கும் தூசி பறந்தது. நடுவே இரண்டு பாதங்களின் அளவுக்கு மட்டும் அது அசையாமல் கிடந்தது. அதையே பார்த்தபடி தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்தார்.