தண்ணீர் இறக்கும் நேரம்

சாயங்காலம் ஆனால் கணவன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். நாற்காலி, மேசைகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரஸர் அங்கேதான் இருந்தது.

"காத்துல இருக்கிற ஈரம் டேங்க் அடியில தண்ணியா நிக்கும். தினம் இறக்கலேன்னா துருப்பிடிச்சிடும்" என்பான். உள்ளே காற்று 'புஸ்'ஸென்று சீறும் சத்தம் வெகுநேரம் கேட்கும்.

வேலை முடிந்து வந்தும் மனுஷனுக்கு ஓய்வில்லையே என்று மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அவன் இல்லாத நேரம் பார்த்து, தண்ணீரைத் தானாகவே வெளியேற்றும் வால்வைப் பொருத்த மெக்கானிக்கை வரவழைத்தாள்.

டேங்க் அடியிலிருந்த திருகைக் கழற்ற மெக்கானிக் படாதபாடு பட்டார். செம்பழுப்பாகத் தண்ணீர் கொட்டித் தரையெல்லாம் ஓடியது.

"இதை யாரும் தொட்டே ரொம்ப நாளாச்சேம்மா."

"தினமும் சத்தம் கேக்குதேண்ணே?"

"ஹோஸைச் சும்மா திறந்து விட்டாலே அந்தச் சத்தம் வரும். உள்ள பேசினாக்கூட வெளியில கேக்காது."

மாலையில் கணவனிடம், "இனிமே நீங்க ஷெட்டுக்குப் போய் அல்லாட வேண்டாம். மெக்கானிக்கை வரச்சொல்லி வால்வு மாட்டியாச்சு. தண்ணி தானா இறங்கிடும்" என்றாள்.

அவன் முகம் வெளிறியது. "நல்லதாப் போச்சு" என்று முணுமுணுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான். சந்தேகப்படவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சற்று நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. தங்கைதான்.

"என்னக்கா, அத்தானுக்கு உடம்பு சரியில்லையா? இன்னைக்கு ஷெட்டுக்குப் போகலையா?"

அவள் போனைக் கணவனிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான்."