குறுக்கே விழுந்த கம்பு

முட்டி ஆபரேஷன் முடிந்து செங்கமலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து, மூலையில் சாய்ந்திருந்த சிலம்பக் கம்பை யாரும் தொடவில்லை. அவள் கை பிடித்ததெல்லாம் புதிதாக வந்த வாக்கரைத்தான்.

ஒரு நாள் காலையில் கம்பு தானாகச் சரிந்து, அறை வாசலுக்குக் குறுக்கே விழுந்தது.

"ஏன் இப்படிப் பண்றே? அவளால குனிய முடியாதுன்னு தெரியாதா?" என்று வாக்கர் கத்தியது.

"டாக்டர் காலை மடக்கிப் பழகச் சொல்லியாச்சு. இவதான் பயந்துக்கிட்டு நீட்டியே வச்சிருக்கா," என்றது கம்பு.

செங்கமலம் வந்தாள். கம்பைத் தாண்டுவதும் காலால் தள்ளுவதும் சிலம்பம் ஆடுகிறவர்களுக்கு ஆகாது. அப்படியே நின்று கணவனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்து மூலையில் வைத்தான்.

மறுநாள் கம்பு, அவன் கடைக்குக் கிளம்பும்வரை காத்திருந்து விழுந்தது.

"உனக்கு ஈவிரக்கமே கிடையாதா?" என்றது வாக்கர்.

"நீ கெட்டியா நில்லு. அது போதும்."

"என்னங்க!" என்றாள் செங்கமலம். வீட்டில் யாரும் இல்லை. கம்பையே முறைத்தாள். பிறகு ஒரு கையால் வாக்கரை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்கினாள். கண் கலங்கியது. விரல் தரையைத் தொட்டதும், ஆட்டத்துக்கு முன் எப்போதும் செய்வதுபோல் அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் கம்பை எடுத்தாள்.

"அப்பாடா! நீ நினைச்சது நடந்துடுச்சு. இனிமே விழாதே," என்றது வாக்கர்.

செங்கமலம் கம்பை நிமிர்த்தி நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். பிறகு வேண்டுமென்றே கையை விட்டாள்.

கம்பு தரையில் விழுந்தது. வாக்கர் மறுபேச்சு பேசாமல் கெட்டியாக நின்றது.