எனக்கு எழுநூறு!

“உங்களுக்கு எத்தனை சார்?”

கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி கேட்டார் தொப்பிக்காரர்.

மெக்கானிக் மடியிலிருந்த ஃபைலை மூடினார். பக்கத்திலிருந்த அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புற்றுநோய்ப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

ஆறு மாதமாக மலத்தில் ரத்தம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. “மூலம்தான், உடம்புச் சூடு” என்று தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார் மெக்கானிக். அவள் தையல்காரி. அவருடைய பேன்ட் இடுப்பை இரண்டாவது முறை பிடித்துத் தைத்த அன்றைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பெருங்குடலில் கட்டி. ஸ்கேனில், கல்லீரலிலும் அது பரவிய மூன்று புள்ளிகள்.

“முதல்ல மருந்து ஏத்துவோம். சுருங்கினா ஆபரேஷன் பண்ணலாம்” என்றார் டாக்டர். சம்மதக் கையெழுத்துதான் பாக்கி.

“வேணாம், கிளம்பு. இன்ஜினே போன வண்டிக்கு ஆயில் மாத்தி என்ன ஆகப்போகுது?” என்றார் மெக்கானிக்.

“ஏங்க, அப்படிச் சொல்லாதீங்க...”

தொப்பிக்காரர் விடவில்லை. “ரத்த டெஸ்ட்டைத்தான் சார் கேட்டேன். சி.இ.ஏ.ன்னு கேன்சர் அளவு, அஞ்சுக்குள்ள இருக்கணும்பாங்களே, அது.”

“நானூத்திப் பன்னிரண்டு. போதுமா?”

“ப்பூ... இவ்வளவுதானா? எனக்கு எழுநூறு!”

மெக்கானிக் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். “எழுநூறா?”

“கல்லீரல்ல நாலு புள்ளி வேற. மலம் போக வயித்துல பை மாட்டிவிட்டாங்க. எம்பொண்டாட்டி அழுத அழுகையில ஆஸ்பத்திரி தொட்டியே ரொம்பியிருக்கும்.”

“மருந்து... ஏத்திக்கிட்டீங்களா?”

“பன்னிரண்டு தடவை. வாந்தி, கையெல்லாம் மரத்துப்போச்சு. ஆனா சுருங்கிடுச்சு, வெட்டி எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் அப்படியே ஆகும்னு சொல்ல மாட்டேன் சார். ஏத்திப் பார்க்காம எப்படித் தெரியும்?”

மெக்கானிக் மூடிய ஃபைலை மறுபடி திறந்தார்.

“எழுநூறுக்கே சுருங்கிச்சாமே...” என்று முணுமுணுத்தபடி எழுந்து போய் நர்ஸிடம் பேனா கேட்டார்.

கையெழுத்துப் போட்டு, எடை பார்க்க அவர் உள்ளே போனதும், தொப்பிக்காரர் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார். அங்கே ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எத்தனை டீச்சர்?”

“தொள்ளாயிரம்.”

“ப்பூ... எனக்கு ஆயிரத்தி இருநூறு!”

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொப்பிக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது வராந்தாவில் மடக்கினாள்.

“ஏன் சார், எங்ககிட்ட எழுநூறு, அவங்ககிட்ட ஆயிரத்தி இருநூறா? அளக்கறதுக்கு நோயாளிங்கதான் கிடைச்சாங்களா? உங்களுக்கு இந்த நோய் வந்ததாவது நிஜமா?”

அவர் சட்டையை லேசாகத் தூக்கிக் காட்டினார். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை நீளத் தழும்பு.

“நோய் நிஜம். பை நிஜம். நாலு புள்ளியும் நிஜம்மா.”

“அப்போ, உண்மையான நம்பர் எத்தனை?”

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“மறந்தேபோச்சும்மா. ஆச்சே, ஒன்பது வருஷம்!”