கடைசி வரிக்குக் கீழே

உள்ளே யாரோ எழுத்துகளைப் படித்தார்கள். வெளியே வரிசையில் நின்ற அவளுடைய பென்சில் தானாக ஓடியது.

ப, ம, ட, வ, ன, ய.

சுருக்கெழுத்து வகுப்பில் படிக்கும் கை அது. காதில் விழுந்தால் தாளில் விழுந்துவிடும்.

எழுதிய பிறகுதான் பதறினாள்.

இது கண் பரிசோதனை ஆயிற்றே.

ஊரடங்கில் ஒன்றரை வருடம் கைப்பேசியிலேயே படித்தாள். மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வகுப்பு நடந்தது. பயிலகம் மறுபடி திறந்தபோது கரும்பலகை எங்கோ தள்ளிப் போயிருந்தது. சுருக்கெழுத்தில் மெல்லிய கோட்டுக்கு ஓர் ஒலி, அழுத்தமான கோட்டுக்கு வேறு ஒலி. அவளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. இரண்டு மாதமாகப் பக்கத்தில் உட்காரும் மெர்லினின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள், மெர்லினின் தப்புகளையும் சேர்த்து.

அடுத்த மாதம் தேர்வு.

தாளைக் கிழித்துப் பையில் போட்டாள். மறந்துவிட வேண்டும். நூறிலிருந்து தலைகீழாக எண்ணினாள்.

“ஏட்டி, கடைசி வரியக் காட்டு. பாதியில விட்டுட்டேன்.” பின்னால் மெர்லின்.

“இது பரீட்சை இல்லட்டி.”

“பின்ன? வரிசையா நிக்கோம். பேர் சொல்லிக் கூப்பிடுதாங்க. போனை வெளிய வைக்கச் சொல்லுதாங்க.”

அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடினாள்.

முதல் வரி தெரிந்தது. இரண்டாவதும் தெரிந்தது. மூன்றாவதில் எழுத்துகளுக்கு ரோமம் முளைத்திருந்தது.

கடைசி வரி, எறும்பு ஊர்வலம்.

“ப, ம, ட, வ, ன, ய” என்றது அவளுடைய வாய், ஒரே மூச்சில்.

பரிசோதிக்கும் பெண்ணுக்கும் இவள் வயதுதான் இருக்கும். முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

“மூணாவது ஆள் போனதுமே அட்டையை மாத்திட்டேன்மா. அதுக்கப்புறம் ஒம்பது பேரு. எல்லாரும் பழசையே ஒப்பிக்கிறீங்க.”

வெளியே வந்தவர்கள் ஏன் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போனார்கள் என்று இப்போது புரிந்தது.

வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

கனமான வட்டச் சட்டம் மூக்கில் ஏறியது. வில்லைகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

“இப்ப?”

எறும்புகள் நின்றன.

“இப்ப?”

ர, த, ல, க, ண, ச.

பார்க்கிறேனா, ஊகிக்கிறேனா? அவளுக்குச் சந்தேகம். யாரும் அவள் காதில் போடாத எழுத்து ஒன்று வேண்டும். கண்ணை இன்னும் கீழே இறக்கினாள்.

இருந்தது. பொடிப்பொடியாக ஒரு வரி.

“அச்சிட்டது சிவகாசி” என்று வாசித்தாள். “போன் நம்பரும் படிக்கட்டுமா?”

அந்தப் பெண் திரும்பி அட்டையைப் பார்த்தாள்.

கண்ணைச் சுருக்கினாள்.

எழுந்து பக்கத்தில் போனாள். குனிந்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

“சிவகாசியா?” என்றாள்.