சங்கராந்திக் குங்குமம்

"அக்கா, பீரோவைத் திறங்க. அந்தக் கறுப்புச் சந்திரகலாப் புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க. ஆட்டோக்காரன் ரெண்டு தடவை ஹார்ன் அடிச்சுட்டான்!"

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றாள் சுகந்தா. சங்கராந்திக்கென்று கட்டிய கறுப்புப் புடவை, கை நிறையப் பச்சை வளையல், நெற்றியில் காசளவு குங்குமம். மிரஜ் பெண்கள் சமத்துவச் சங்கத்தின் மஞ்சள் குங்கும விழா வந்துவிட்டால் அவளுக்குக் கால் தரையில் பாவாது.

இந்துமதி ஜன்னலோரக் கட்டிலை விட்டு அசையவில்லை.

"நான் வரல சுகந்தா. நீங்கல்லாம் போயிட்டு வாங்க."

"ஏனாம்?"

"ஏன்னு வேற கேக்குறியா? அவர் போய் நாலு மாசம்கூட ஆகல. குங்குமம் குடுக்கிற இடத்துல எனக்கென்ன வேலை?"

"நல்லா இருக்கே! நம்ம விழாவுல புருஷன் இருக்கிறவ, இல்லாதவ, அவன் விட்டுட்டு ஓடினவ எல்லாருக்கும் ஒரே வரிசைதான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்காக? வீட்டுல மருமக இருக்கா. கேதகி என்ன நினைப்பா?"

"உங்க மருமகளா? அவ அப்பவே வந்து மண்டப வாசல்ல ரங்கோலி போட்டுட்டு இருக்கா. மாமியாரைக் கூட்டிட்டு வரலேன்னா உள்ளயே விடமாட்டேன்னு எனக்கு உத்தரவு வேற போட்டிருக்கா மகராசி."

இந்துமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே கண்ணும் கலங்கியது. சுகந்தா மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா இருந்திருந்தா இந்நேரம் எள்ளு வறுத்தே தெருவை மணக்க விட்டிருப்பார்."

"கருக விட்டிருப்பார்னு சொல்லு."

"அவர் பிடிச்ச எள்ளுருண்டையைக் கடிச்சுத்தானே சரோஜினி சித்திக்குப் பல்லு போச்சு?"

"அது ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த பல்லுன்னு கடைசிவரைக்கும் சாதிச்சார் மனுஷன்!"

பேச்சு பழைய நாட்களுக்குப் போய்விட்டது. விதவைகளும் வருகிற விழாவுக்குக் கோயில் மண்டபத்தில் இடம் தரமாட்டோம் என்று சொல்லிவிட, மாவு மில்லின் பின்கட்டில் சாக்கை விரித்து விழா நடத்திய காலம் அது. வீட்டுக்குத் திரும்பும்போது எல்லாப் பெண்களுக்கும் மாவு படிந்து தலை நரைத்திருக்கும். சின்ன மண்சட்டிகளில் கரும்புத் துண்டு, கேரட், இலந்தைப் பழம், பச்சைக் கடலை எல்லாம் நிரப்பிக் கைக்குக் கை கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் எழுந்து, வாயால் சொல்லக் கூசும் புருஷன் பேரைப் பாட்டில் வைத்துச் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. ஆனாலும் இந்துமதியின் கணவர் வசந்தராவ் எள் வறுக்கும் சாக்கில் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று, தன் பேர் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அது எவ்வளவு நல்ல காலம்!

"அந்தப் பாட்டைச் சொல்லுங்கக்கா. எனக்காக."

இந்துமதி தயங்கினாள். பிறகு முணுமுணுப்பாக ஆரம்பித்தாள்.

"வறுத்த எள்ளு மணக்குது, வெல்லப் பாகு இனிக்குது..."

அடுத்த அடியில்தான் பேர் வரும். அங்கே குரல் உடைந்துவிட்டது.

"இனிமே அந்தப் பேரை நான் எப்படிடி சொல்லுவேன்?"

"எப்பவும் போலச் சொல்லுங்க. பேரு எங்கயும் போகலையே."

இந்துமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மனதில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"உனக்கு ஒண்ணு தெரியாது சுகந்தா. பத்தாம் நாள் என் நாத்தனார் வந்து நெத்தியைத் துடைச்சா. வளையலை உடைச்சா. அவ கையைத் தட்டி விட்டிருக்கலாம். நான் தட்டல. ஒரு வார்த்தை பேசல. மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்ப எந்த முகத்தோட அங்க வந்து நிக்கிறது?"

"புருஷனைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது? அது ஒரு குத்தமா?" சுகந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க புதுசா நாலஞ்சு சின்னப் பொண்ணுங்க வந்து வாசப்படியிலயே நிக்குதுங்க. எல்லாம் உங்களை மாதிரி இந்த வருஷம் புருஷனை இழந்ததுங்க. நீங்க குங்குமம் வச்சுக்கிட்டா அதுங்களும் வச்சுக்குமாம். இல்லேன்னா அப்படியே திரும்பிப் போயிடுமாம்."

வெளியே ஹார்ன் மறுபடியும் அலறியது.

இந்துமதி எழுந்து பீரோவைத் திறந்தாள். புடவையைக் கட்டி, கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். குங்குமத்தைத் தொட்ட விரல் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. நெற்றி வரைக்கும் எட்டவே இல்லை.

"முடியல சுகந்தா. கை வரமாட்டேங்குது."

"கையை இறக்குங்கக்கா. அன்னிக்கு எனக்கும்தான் கை வரல" என்றபடி குங்குமச் சிமிழை வாங்கிக்கொண்டாள் சுகந்தா. "என் புருஷன் செத்த வருஷம், வீட்டுக்குள்ள ஒளிஞ்சு கிடந்தவளை இழுத்துட்டு வந்து, 'இது அவன் குடுத்தது இல்லடி, நீ பொறந்தப்பவே உங்கம்மா வச்சது'ன்னு சொல்லி நீங்கதானே எனக்கு வச்சு விட்டீங்க?"

சொல்லிக்கொண்டே, ஒரு காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி அந்தச் சங்கத்தையே ஆரம்பித்த தலைவியின் நெற்றியில் அழுத்தமாகக் குங்குமத்தை வைத்தாள்.