நினைப்பதற்குள் முடிக்கும் கணினி

தையல்காரியின் வீட்டில் ஆமை வேகத்தில் ஊர்ந்த பழைய மேசைக் கணினியை மெக்கானிக் காலையில்தான் சரிசெய்துவிட்டுப் போனார். "இனிமே நீங்க நினைக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்க்கா!"

சொன்னபடியே ஆயிற்று. தையல்காரி விசையைத் தொடுமுன்பே திரையில் எழுத்து வந்து விழுந்தது. வாடிக்கையாளர்களுக்கான பதில்களெல்லாம் காபி ஆறுவதற்குள் முடிந்தன.

கடைசியாக அண்ணனின் மின்னஞ்சலைத் திறந்தாள். அவள் குடியிருக்கும் அப்பாவின் வீட்டை விற்கச் சம்மதம் கேட்டிருந்தார். 'முடியாது' என்று எழுத விரலை நீட்டினாள். திரையில் 'சம்மதம்' என்றிருந்தது.

அழித்தாள். மறுபடி வந்தது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். திரை அணையவில்லை. 'முழுச் சம்மதம் அண்ணா' என்றது.

"கரண்ட் பில் கட்டுறவ நானு. எனக்குப் பதிலா நீ தலையாட்டுறியா?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, அழிக்கும் விசையின் மேல் வைத்தாள். பிறகு போனை எடுத்து அண்ணனை அழைத்தாள்.

"முடியாதுண்ணே. எழுத விடமாட்டேங்குது, அதான் வாயால சொல்றேன். வீட்டை விக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

பிளக் தரையில் கிடந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் 'சம்மதம்' எழுத்தெழுத்தாக வந்துகொண்டும் அழிந்துகொண்டும் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதியில் நின்ற சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தாள்.